புரூக்ளினில் செத்த ஜகதீசன்

செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் இரும்புக் குழாய் இணைப்புகள் வார்க்கும் ஒரு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடமாக டைம் கீப்பராக இருந்த தேவராஜுக்கு, அமெரிக்காவில் எந்த இத்தாலிக்கார தாதா எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சுடப்பட்டான் என்பது அத்துப்படி. தன் ஃபேக்டரிக்குள் யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால் மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார்.

அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். மகன் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, தெலுங்கு மீடியத்தில் படித்து, கடைசியில் மல்லாபூரில் தரைத்தளத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் வந்து நின்றார். ஆனால் அப்பா கையில் பிரம்பை வைத்துக்கொண்டு அவருக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்தில் அது அபூர்வம். தமிழ்நாட்டுக்காரர்கள் தெலுங்கு எழுத்தை ஜிலேபி என்று கேலி செய்வார்கள். செகந்திராபாத்தில் பிறந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் எழுத்தே ஜிலேபிதான். பேசுவார்கள், கேட்பார்கள், படிக்க வராது. அதனால்தான் இரண்டாயிரத்து இருபதில் லாக்டவுன் சமயத்தில், சென்னையில் சீதாராமன் என்பவர் ஆரம்பித்த ஆடியோ சேனல் இந்தக் காலனிகளில் காட்டுத்தீயாகப் பரவியது. அதில் பேசிய கனத்த குரல் நம்ம டைம் ஆபீஸ் தேவராஜுடையது என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு ஒரே பெருமை.

சேனலின் சரக்கு மாஃபியா தலைவர்களின் வாழ்க்கை. அல் கபோனை எத்தனையோ கொலைகளுக்குப் பிடிக்க முடியாமல் வருமான வரிக் கேஸில் உள்ளே தள்ளினார்களே, அது முதல் வாரம். விசாரணைக் கமிட்டி முன்னால் முகத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லி, டிவியில் வெறும் கைகளை மட்டும் நாடு முழுவதும் பார்க்கவைத்த காஸ்டெல்லோ, மூன்றாவது வாரம். சீதாராமன் இங்கிலீஷில் கட்டுரைகளை அனுப்புவார். தேவராஜ் அதைத் தமிழாக்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் காலனி முழுக்க பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கும் நேரத்தில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சத்தம் வராமல் மூன்று ரஜாயை, அதாவது பஞ்சு வைத்த கனத்த போர்வையை, தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கப் படிப்பார். ஒவ்வொரு வாரமும் ஒரே தொடக்கம்: “நேயர்களே, இது கதை அல்ல. ஒவ்வொரு வரியும் நடந்தது. ஆதாரம் இல்லாமல் நான் வாய் திறப்பதில்லை.”

ஆதாரம் இருந்தும் வாய் திறக்காத மனுஷன் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும் விதத்திலும் ஒரு கணக்கு இருந்தது. சுட்டவன் சூட் போட்டு, ரோஜாப்பூ குத்தி, அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே போவான். செத்தவனுக்கு ஒரு வரி. சீதாராமன் அப்படித்தான் வேண்டும் என்றார். ஜனங்களுக்கும் அதுதான் பிடித்தது. தேவராஜுக்கும் அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த ஒரு வரிக்காரர்களில் ஒருவனாகப் போயிருக்க வேண்டியவன்தான் ஜகதீசன். கிரைண்டிங் செக்‌ஷன். அரக்கோணம் பக்கத்துக் குடும்பம், இவனும் இங்கேயே பிறந்தவன். தேவராஜைவிடப் பத்து வயது சின்னவன். ஒன்பது வருடம் இரண்டு பேரும் எடைமேடைக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஜகதீசனுக்கு ஒரு பழக்கம். யார் எதிரே வந்தாலும், லோடு லாரி கிளீனராக இருந்தாலும், சண்டைக்கு வந்தவனாக இருந்தாலும், முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பான். கேட்பதோடு விடாமல் டப்பாவையும் நீட்டுவான். அவன் மனைவி சுமலதா இதற்காகவே ஒரு கரண்டி கூடுதலாக வைத்து அனுப்புவாள்.

மல்லாபூர், நாச்சாரம் பக்கம் பதினொரு ஃபேக்டரிகளுக்கு ஆள் சப்ளை செய்தவன் பிரசாத். ‘செட்டில்மெண்ட் பிரசாத்’ என்றால்தான் தெரியும். அவன் ஆள் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு கூலிக்காரன் கேட்டைத் தாண்ட முடியாது. தாண்டினாலும் திரும்பி நடந்து வர முடியாது. நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் கூலிகளைக் கையில் வைத்திருந்தார்களே, அதே தொழில்தான். தொப்பி மட்டும் இல்லை. இந்தச் சீட்டு முறையை எதிர்த்து ஜகதீசன் நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி லேபர் ஆபீஸில் கொடுத்தான். நாற்பத்திரண்டில் தேவராஜ் கிடையாது. அவர் ஆபீஸ் ஸ்டாஃப், தனக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, பிப்ரவரி. மதிய மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும். ரிஜிஸ்டரை முடித்துவிட்டு வருவதாக தேவராஜ் சொல்லியிருந்தார். ஜகதீசன் அவருக்காக டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பெஞ்சு பத்தடி. கார் வந்து நின்றது. பிரசாத்தும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். ஜகதீசன் எழுந்து நின்று, சாப்பிட்டீர்களா அண்ணா, எலுமிச்சை சாதம் இருக்கிறது, வாருங்கள் என்று தெலுங்கில் சொல்லி டப்பாவை நீட்டினான். பிரசாத் சிரித்துக்கொண்டே ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டான். மென்று விழுங்கினான். கைக்குட்டையில் கையைத் துடைத்தான். பிறகு தலையை லேசாக அசைத்தான். பின்னால் நின்றவன் இரும்புக் கம்பியால் ஜகதீசன் தலையில் அடித்தான். விழுந்தவனை இழுத்து எடைமேடை ஓரத்தில் போட்டார்கள். நின்றுகொண்டிருந்த லாரி பின்னால் வந்தது.

லாரி விபத்து என்று எழுதினார்கள். டைம் ஆபீஸிலிருந்து என்ன பார்த்தீர்கள் என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, கீழ்த்தட்டிலிருந்து பழைய ரிஜிஸ்டரை எடுக்கக் குனிந்திருந்தேன் என்றார் தேவராஜ். நம்பவும் நம்பினார்கள். இந்த நாட்டில் குனிந்திருந்தேன் என்று சொன்னால் எவன் நம்பமாட்டான்?

பிரசாத் அவரை மிரட்டவே இல்லை. அந்த ஏப்ரலில் மகள் ஸ்ரீஜாவுக்கு முதல் தாவணி போடும் ஹாஃப் சாரி ஃபங்ஷன் வைத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான், கூடை கூடையாகப் பழத்தோடு. நேராக மேடைக்குப் போய்ப் பெண்ணின் தலையில் அட்சதை போட்டான். காலில் விழும்மா என்று ஸ்ரீஜாவிடம் சொன்னது பிரசாத் அல்ல, தேவராஜ். மனைவி நீலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவரோடு அவள் சரியாகப் பேசவில்லை.

சுமலதா நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். மீதி நேரமெல்லாம் போலீஸ் ஸ்டேஷன், கமிஷனர் ஆபீஸ், கோர்ட். எங்கே கதவு தெரிந்ததோ அங்கெல்லாம் தட்டினாள். மூன்று வருடம் தட்டியதில், எதிர் கோடவுனின் கேமராவில் அன்றைக்கு மதியம் பிரசாத்தின் கார் கேட்டுக்குள் நுழைவது தெரிந்தது. வாரங்கலில் இருந்தேன் என்று அவன் சொல்லியிருந்தது பொய்யானது. விபத்து, கொலைக் கேஸாக மாறியது. சாட்சிப் பட்டியலில் ஆறாவது பெயர் தேவராஜ். அவளைத் தூரத்தில் கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு தடவை தபால் பெட்டி மறைவில் நின்றாராம். ஐம்பது வயது ஆள், தபால் பெட்டிக்குப் பின்னால்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டில் சீதாராமன் போன் செய்தார். பெரிய தலைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, யாருக்கும் தெரியாத ஒரு ஆளைப் பிடியுங்கள், புதுசாக இருக்கட்டும் என்றார். தேவராஜ் சரி என்றார். நியூயார்க்கில் அச்சாகி இங்கே பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு நூலிலிருந்து எடுத்ததாக அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஒரே உட்காரலில் எழுதினார். ஆளின் பெயர் நிக்கோலோ வெர்தானி. ஊர் புரூக்ளின். வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. பீட்ரோ என்ற துறைமுகத் தொழிலாளி, வெர்தானியின் சீட்டு முறையை எதிர்த்து நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குகிறான். மதிய வேளையில் வெர்தானி காரில் வந்து இறங்குகிறான். பீட்ரோ எழுந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, எலுமிச்சை சாதத்தை நீட்டுகிறான்.

அந்த இடத்தில் தேவராஜின் பேனா ஒரு நிமிடம் நின்றது உண்மை. இத்தாலிக்காரனும் அரிசி தின்கிறவன்தான், எலுமிச்சையும் அவன் ஊர்ப் பழம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாற்ற மனம் வரவில்லை. மூன்றரை வருடம் தொண்டையில் நின்றதைத் துப்புகிறவன் அதில் எலுமிச்சையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருப்பானா? ஆனால் இதைப் பாவமன்னிப்பு என்று அவர் நினைத்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். படித்து முடித்து ரஜாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்ததாம். மனசாட்சிக்கு ஒரு கக்கூஸ் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள். ஒரு கவளம் தின்றுவிட்டுக் கொன்ற வெர்தானிக்கு ஏகப்பட்ட கைதட்டல். ‘என்னா மாஸ்’, ‘ஆம்பள’ என்றெல்லாம் எழுதினார்கள். ஒருத்தன் மட்டும், புரூக்ளினில் எவன்டா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவான் என்று கேட்டிருந்தான். அதற்கு அறுபது பேர் சிரித்திருந்தார்கள்.

பத்தாம் நாள் கோபி வந்தான். பிரசாத்திடம் சூப்பர்வைசர், மெட்டுகுடா தமிழன். டைம் ஆபீஸ் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, அந்தக் கதையைக் காரில் போட்டு பிரசாத்துக்கு வரி வரியாகத் தெலுங்கில் சொன்னதாகச் சொன்னான். தேவராஜ் ரிஜிஸ்டரைப் படக்கென்று மூடினார்.

“பயப்படாதீங்க. அண்ணாக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ரெண்டு வாட்டி கேட்டாரு. அதை எடுத்துக் கிடுத்துடாதீங்க, அப்படியே இருக்கட்டும்னு சொல்லச் சொன்னாரு” என்றான்.

அவன் போனபின் தேவராஜ் ஒரு டீ குடித்தார். உயிர் திரும்பி வந்தது. அதற்குமேல் இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு தடவை கேட்டானாமே என்று ஒரு சின்னச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னாளில் அவர் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது என்றார். அடித்துக்கொண்டிருக்கலாம்.

சுமலதாவின் பேக்கிங் லைனில் பெண்கள் காதில் வயரை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். யாரோ போட்டுவிட்ட வெர்தானி கதை அவள் காதுக்கும் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவராஜ் ரஜாய்க்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில் கதவைத் தட்டினாள். நீலா திறந்தாள். தேவராஜ் வியர்வையோடு வெளியே வந்து, அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ரோடு இல்லை, கடந்து போக.

அவள் உட்காரவில்லை. “அன்னிக்கு நான் என்ன கட்டிக் குடுத்தேன்னு யாருக்கும் தெரியாதுண்ணா. டப்பாவே வூட்டுக்குத் திரும்பி வரல” என்றாள்.

தேவராஜ் ரஜாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு சாப்டீங்களான்னு கேட்டாரா? நிஜமாவே கேட்டாரா?”

தலையை ஆட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நீலா தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வாங்கவில்லை.

“ரெண்டு லட்சம் பேருக்குச் சொன்னீங்க. எனக்கு ஒருத்திக்குச் சொல்லல.”

அவள் வந்த காரியம் அது மட்டும் அல்ல. ஜனவரியில் விசாரணை ஆரம்பிக்கிறது. முதல் ஐந்து சாட்சிகளையும் பிரசாத்தின் ஆட்கள் பார்த்துவிட்டார்கள், அவர்கள் பல்டி அடிப்பது நிச்சயம். மிச்சம் நீங்கள் ஒருவர்தான், கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றாள். தேவராஜ், அமெரிக்காவில் இப்படித்தான் ஒரு சாட்சி, ஆறு போலீஸ்காரர்கள் காவல் இருந்தும் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தான் என்று ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அமெரிக்காதான் வாயில் வந்தது.

“உங்க வூடு கிரவுண்ட் ஃப்ளோர்தானேண்ணா” என்றாள் சுமலதா.

நீலா சிரிக்கவில்லை. “போய்ச் சொல்லுங்க. ஸ்ரீஜாவை நான் சனத்நகர்ல அக்கா வூட்ல வுட்டுடறேன். எத்தனை நாளைக்கு இந்த ரஜாய்க்குள்ள பேசுவீங்க?” என்றாள். தேவராஜ் அன்றைக்குச் சரி என்றார். மறுநாள் மாற்றிப் பேசுவார் என்று நீலா எதிர்பார்த்தாள். மாற்றிப் பேசவில்லை. அந்த மட்டில் அவரை மெச்சத்தான் வேண்டும். ஸ்ரீஜா பையில் துணியை அடுக்கிக்கொண்டே, அன்றைக்கு என்னை அவன் காலில் விழச் சொன்னீர்களே, அது இதற்காகத்தானா என்று தெலுங்கில் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அவள் பையை மூடிக்கொண்டு போனாள்.

அரசு வக்கீல் அனுபமா கெட்டிக்காரி. பயத்தில் போலீஸிடம் பொய் சொன்னேன் என்று தேவராஜ் ஒப்புக்கொண்டதும், இது நடப்பதுதான், பயந்தேன் என்று ஜட்ஜிடமும் நேராகச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள் என்றாள். வேறு ஏதாவது நான் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாள். தேவராஜ் இல்லை என்றார். மாஃபியாக் கதை சொல்கிற ஆள் என்று தெரிந்தால் சிரிப்பாளே என்று கூச்சம். வெர்தானி கதையைப் பற்றி அவரே முதல் நாள் சொல்லியிருப்பார் என்று சுமலதா நினைத்துக்கொண்டாள். பேசக் கூடாத இடத்தில் பேசி, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடுகிறவனுக்கு எந்தச் சாமி துணைக்கு வரும்?

விசாரணை நாளில் முதல் ஒரு மணி நேரம் தேவராஜ் நன்றாகவே சொன்னார். சேனல் குரல் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஜன்னல், பெஞ்சு, கார், டப்பா, கவளம், கம்பி, லாரி. குனிந்திருந்தேன் என்று சொன்னது பொய், பயந்தேன், அவன் என் நண்பன் என்றார். கடைசி பெஞ்சில் சுமலதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிரசாத் கைகட்டி நின்றான். அவன் முகத்தில் கவலை எதுவும் தெரியவில்லை என்பதை தேவராஜ் கவனித்தார், காரணம் புரியவில்லை.

பிரசாத்தின் வக்கீல் வயதானவர், சாது மாதிரி பேசுவார். ஒரு பென் டிரைவையும், மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்ட தெலுங்குப் பிரதியையும் கோர்ட்டில் கொடுத்தார். அனுபமா எழுந்து ஆட்சேபம் சொன்னாள். ஜட்ஜ் கேட்கலாம் என்றார். கோர்ட் ஹாலில் தேவராஜின் கனத்த குரல் எழுந்தது. நேயர்களே, இது கதை அல்ல. ஒவ்வொரு வரியும் நடந்தது. ஆதாரம் இல்லாமல் நான் வாய் திறப்பதில்லை.

இது யார் குரல் என்று கேட்டார் வக்கீல். என்னுடையது. இதில் எலுமிச்சை சாதம் தின்றது யார்? நிக்கோலோ வெர்தானி. எந்த ஊர்? புரூக்ளின். எந்த வருடம்? முப்பத்தொன்று. நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கியது? பீட்ரோ. இந்த வெர்தானி, பீட்ரோ எல்லாம் இருந்தவர்களா? இல்லை சார், நானாக எழுதியது. அப்படியானால் இரண்டு லட்சம் பேரிடம் நடந்தது என்று சத்தியம் செய்து பொய் சொன்னீர்கள்? ஆமாம் சார். போலீஸிடமும் பொய் சொன்னீர்கள்? ஆமாம் சார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உங்க தொழிலே நடக்காததை நடந்ததுன்னு சொல்றதுதான். அந்த அம்மா வந்து அழுதாங்க. உங்க அமெரிக்காக் கதையை எடுத்து எங்க கட்சிக்காரர் தலையில வெச்சுட்டீங்க. சரிதானே?” என்று தெலுங்கில் கேட்டார்.

இல்லை சார், இது இங்கே நடந்தது, அதைத்தான் அங்கே நடந்ததாக மாற்றினேன் என்று தேவராஜ் கத்தினார். கத்தியதும் சேனல் குரல் தானாக வந்துவிட்டது. ஹாலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது தன் குரலாலேயே கெட்டது. அப்படியே இருக்கட்டும், எடுத்துவிடாதே என்று பிரசாத் ஏன் சொல்லி அனுப்பினான் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அனுபமா வெளியே வந்து அவரை ஒன்றும் திட்டவில்லை. முன்னமே சொல்லியிருந்தால் நானே அதைக் கோர்ட்டில் எடுத்து வைத்திருப்பேன், அவர் கையில் ஆயுதமாகப் போயிருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனாள்.

ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பிரசாத்துக்கும் ஆட்களுக்கும் விடுதலை. கார் உள்ளே வந்தது கேமராவில் இருக்கிறது. கார் வந்தது கொலை ஆகாது. தேவராஜ் வேலையை விட்டார், சேனலையும் விட்டார். சீதாராமனிடம் கெஞ்சி வெர்தானி கதையை எடுக்கவைத்தார். எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் நாலைந்து சேனல்காரர்கள் திருடிப் போட்டுவிட்டார்கள். ஒருவன் எவனோ மீசைக்காரனின் பழைய போட்டோவைப் போட்டு, அதற்கு நிக்கோலோ வெர்தானி என்று பெயரும் வைத்துவிட்டான். உலகத்தின் கொடூரமான பத்து தாதாக்கள் வரிசையில் வெர்தானி ஏழாவது. பீட்ரோவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்கூட இருந்தார்கள். ஜகதீசன் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுமலதா வந்தாள். கையில் தீர்ப்பு நகல், நாற்பத்தொரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வக்கீலம்மா இரண்டு நிமிடத்தில் சாராம்சம் சொல்லிவிட்டார்கள், மேல்கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டும், அதற்கு எனக்கு ஒவ்வொரு வரியும் தெரிய வேண்டும், இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் படிக்க எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். நீலா வைத்த தண்ணீரையும் குடித்தாள்.

தேவராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். புகாரின் விவரம், பிரேதப் பரிசோதனை, லாரி டிரைவர், கேமரா. ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராதே தவிர, எண் வரும். எண்ணைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்திரண்டை முடித்ததும் அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“முப்பத்தி ரெண்டுக்கு அப்புறம் முப்பத்தி நாலாண்ணா?” என்றாள்.

அவர் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் வந்தார். படித்தார். ஆறாம் சாட்சி கதை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர். அவர் சொல்வதில் எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துப் பார்க்க இந்த நீதிமன்றத்தால் இயலவில்லை. இறந்தவர் குற்றம்சாட்டப்பட்டவரைச் சாப்பிட அழைத்தார் என்ற பகுதி, சாட்சி முன்பே வெளியிட்ட அமெரிக்கக் கதையில் அப்படியே உள்ளது. எனவே அது இந்தச் சம்பவத்தில் நடந்ததாக ஏற்க முடியாது. சாட்சியம் முழுவதும் ஒதுக்கப்படுகிறது.

அவள் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

“அப்போ எங்க வூட்டுக்காரரு அப்படிக் கேக்கவே இல்லன்னு எழுதிட்டாங்க.”

“ஆமாம்மா.”

“இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?”

“எட்டு.”

“படிங்கண்ணா. உங்க குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.”

தேவராஜ் முப்பத்து நான்காம் பத்தியைப் படித்தார்.